கம்பத்தில் ஏறுபவருக்கும் ஒரு வீடு உண்டு

மாரி பிறந்தால் திருகோணமலைக் கரையோரத்தில் எல்லோர் கண்ணும் கடலின் மேல்தான். 1964 டிசம்பர் சூறாவளியை மூத்தவர்கள் மறக்கவில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலோடு வந்த பெருவெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கத்துச் சனங்கள் வீடு வயலை விட்டு வெளியேறினர்.

முகாமிலிருந்து ஊர் திரும்பும் குடும்பம் முதலில் கேட்பது, "கரண்ட் வந்திட்டுதா?" என்பதே. கிணற்று மோட்டார் ஓட வேண்டும். பிள்ளைகள் படிக்க வேண்டும். நாட்கள் கடந்தால், "எங்கட ஊரை மறந்திட்டினம்" என்ற மனக்குறை எழும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆயினும் வேலை நடக்கும் ஒழுங்கை நாம் அறிந்திருப்பது நல்லது.

குளத்தின் பெரிய வாய்க்கால் உடைந்திருக்க, வயல் வாய்க்காலைத் திருத்தி என்ன பயன்? மின்சாரமும் அப்படியே. முதலில் 33,000 வோல்ட் பெருவழி, அடுத்து மின்மாற்றி, பின்னரே வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கம்பி. வைத்தியசாலைக்கும் குடிநீர்ப் பம்பிக்கும் முதலிடம். கடைக்கோடி வீட்டின் முறை கடைசியில் வருவது இதனால்தான்.

ஊழியர் லைனை நிறுத்தி, மின் இல்லையெனச் சோதித்து, கம்பியை நிலத்தோடு இணைத்த பின்பே கை வைப்பார். அப்படியிருந்தும் ஆபத்து நம் வீட்டிலிருந்தே அவரைத் தேடிப் போகலாம். மெயின் சுவிச்சை நிறுத்தாமல் ஜெனறேற்றரை வீட்டு வயரிங்கில் கொழுவினால், அந்த மின் வெளிக்கம்பிக்கு ஏறும். மின்மாற்றி அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். நாம் ஏற்றிய விளக்கு ஒருவரின் உயிரைக் குடிக்கலாம்.

ஆகவே அன்பர்களே, ஜெனறேற்றரில் விளக்கை நேரடியாகவே கொழுவுங்கள். அறுந்த கம்பி செத்த கம்பி என்று எண்ணாதீர்கள். பிள்ளைகளையும் மாடுகளையும் தூர விலக்கி, மின் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். யானைக்காக வேலியில் களவாக மின் பாய்ச்சாதீர்கள். ஊழியர் வந்தால், வெள்ளம் மூடிய பாதையைக் காட்டுங்கள். உழவு இயந்திரம் இருந்தால் ஏணியையும் கம்பியையும் ஏற்றிக் கொடுங்கள்.

நனைந்த உடையோடு நம் ஊருக்கு வெளிச்சம் தர வருபவரின் வீடும் அன்றிரவு இருளில் இருக்கலாம். ஒரு கோப்பை சுடுதேநீரும் இரண்டு நல்ல வார்த்தையும் நம்மிடம் எப்போதும் உண்டு.