பாய்மரப் படகிற் குளிரூட்டும் பொறி

எம்மிடம் தமிழ் பயின்று, இன்று வளைகுடா நாடொன்றில் உல்லாசப் பாய்மரப் படகுகளைப் பழுதுபார்க்கும் பழைய மாணவர் ஒருவர் சென்ற சித்திரை விடுமுறையில் எம்மைக் காண வந்தார். பேசாலைக் கரையில் உலாவுகையில், தமது வேலையிற் பெரும்பகுதி படகுகளின் ஏ.சி. எனப்படும் வளிச்சீராக்கிகளோடு போராடுவதே என்றார். காற்றை நம்பி ஓடும் கலத்திற்குக் குளிரூட்டும் பொறி எதற்கு என நகைத்தோம். காற்று ஓய்ந்த சித்திரை நண்பகலில் மூடிய படகறையில் ஒருமுறை உறங்கிப் பாருங்கள் என்றார் அவர். சோளகம் எழுமுன் மன்னார்க் கடல் கிடக்கும் கிடையை அறிந்த எமக்கு அவ்விடையே போதுமாயிற்று. அவர் விளக்கியவற்றுட் சிலவற்றை மாணவர்க்குப் பயன்படுமென ஈண்டு எழுதுகின்றோம்.

இப்பொறி குளிரை உண்டாக்குவதன்று. வெப்பத்தை ஓரிடத்தில் எடுத்து வேறோரிடத்திற் கொட்டுவது. வீட்டுப் பொறி வெளிக்காற்றிற் கொட்டும். படகுப் பொறி கடலிற் கொட்டும். அறைக்காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியாகும் குளிர்பொருளை அமுக்கி அழுத்த, அது மேலும் சூடேறும். அச்சூட்டை, செப்பும் நிக்கலும் கலந்த குழாயில் ஓடும் கடல்நீர் கவர்ந்து செல்லும். எமது கடல் 30 பாகை செல்சியசை எட்டும் காலத்தும் அமுக்கிய ஆவி அதனினும் சூடாயிருத்தலின் வெப்பம் நீருக்கே பாயும்.

பொறியின் ஆற்றலைத் ‘தொன்’ என்று அளப்பர். 2000 இறாத்தல் பனிக்கட்டி ஒரு நாளில் உருகுதற்கு வேண்டிய வெப்பத்தை நீக்கும் ஆற்றலே ஒரு தொன். ஐஸ் பெட்டியோடு கடலுக்குச் செல்லும் எம்மூர் மீனவர்க்கு இவ்வளவை யாரும் விளக்க வேண்டியதில்லை! ஒரு தொன் பொறி ஏறக்குறைய ஒரு கிலோவாற்று மின்சாரம் உண்ணும். 12 வோற்று, 100 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றில் அடங்குவதோ 1.2 கிலோவாற்று-மணி. ஆகவே அப்பற்றரி ஒரு மணி நேரத்திற் சோர்ந்துவிடும். துறையிற் கரைமின்சாரமும், நடுக்கடலில் ஜெனரேற்றரும் இன்றேல் பொறி வெறும் பாரமே.

பொறியினும் நீர்வழியே பெரிதும் கவனிக்கத் தக்கது. படகின் அடியிலுள்ள துளை, அதனை மூடித் திறக்கும் வால்வு, வடிகட்டி, பம்பி, ஒடுக்கி என நீர் செல்லும். இவ்வகைப் பம்பி தானாக நீரை உறிஞ்சி மேலேற்றாது; ஆதலின் நீர்மட்டத்திற்குக் கீழேயே அமைதல் வேண்டும். அதிலிருந்து குழாய் இடையிற் றாழாது ஏறிக்கொண்டே செல்ல வேண்டும். ஓரிடத்து வளைந்து தாழ்ந்தாலும் காற்று அடைத்து ஓட்டம் நிற்கும். பாய்மரப் படகு காற்றிற் சாய்வதாகலின், துளை பக்கத்தே இருப்பின் நீரைவிட்டு வெளிப்படும். நடுக்கட்டைக்கு அண்மையில் இட்டால் அத்தொல்லை குறையும்.

எமது கரையின் ஆழங்குறைந்த நீரிலோ மணலும் சாதாளையும் ஓயாது வந்து வடிகட்டியை அடைக்கும். துளைக்குள்ளும் குழாய்க்குள்ளும் கொட்டலசு பற்றி வளரும். அறை குளிரவில்லை என்றதும் பலர் ‘காஸ் போய்விட்டது’ என்று பணம் செலவிடுவர். எம் மாணவரோ முதலிற் படகின் விளிம்பிற் குனிந்து, வெளிவரும் நீர் தாரையாய் விழுகின்றதா என்றே பார்ப்பாராம். மெலிந்து சொட்டினால் வடிகட்டியைக் கழுவுவார். அதனாலும் தீராவிடில், மென் அமிலக் கரைசலைக் குழாயிற் சுழலவிட்டு நன்னீராற் கழுவுவார். பத்தில் எட்டுப் படகுகளுக்கு மருந்து இதுவே என்று சிரித்தார்.

நீர்க்குழாயின் ஒவ்வொரு முனையிலும் இரட்டைப் பட்டி இறுக்குதல் வேண்டும். நீர்மட்டத்தின் கீழே ஒரு குழாய் கழன்றால், ஆளில்லாப் படகு கட்டிய இடத்திலேயே அமிழும். ஆதலால் கரையேறுமுன் கடல்வால்வை மூடிவிடுவர்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. இயந்திர அறையிற் பொறியை வைத்தால், அது ஆங்குள்ள புகையை இழுத்து உறங்குவோர் அறைக்குள் ஊதும். அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்குபவர் விழிப்பதில்லை. அயற்படகின் ஜெனரேற்றர்ப் புகையும் இவ்வாறு நுழையக்கூடும். அவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் சிறு கருவி அறையில் மாட்டப்பட்டாலன்றி, உரிமையாளர் எத்துணைச் சினந்தாலும் எம் மாணவர் பொறியை இயக்கிக் கொடுப்பதில்லையாம்.