ஆகாயத்தில் திருகப்படும் ஊசி

மெதனாலும் ஆமணக்கெண்ணெயும் சிறிது நைட்ரோமீதேனும் சேர்ந்த கலவையைக் குடித்து நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேலும் சுழலவல்ல மாதிரி விமான எஞ்சினுக்கு, மோட்டார் வண்டியைப் போலத் தீப்பொறி மூட்டும் தனிச் சாதனம் எதுவும் கிடையாது. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்கரான ரே ஆர்டன் பரவச் செய்த க்ளோ பிளக்கிலுள்ள பிளாட்டினக் கம்பிச் சுருள், தொடக்கத்தில் பாட்டரியால் ஒருமுறை சூடேறிவிட்டால், பிறகு மெதனால் ஆவியின் ஸ்பரிசத்தினாலும் எரிதலின் உஷ்ணத்தினாலும் தானே கனன்றுகொண்டிருக்கும். எரிபொருளும் காற்றும் கலக்கும் விகிதம் மாறினால் தீப்பற்றும் தருணமும் மாறிவிடுமாதலால், அவ்விகிதத்தை நிர்ணயிக்கும் ஊசி வால்வே இவ்வெஞ்சினுக்குச் சகலமும் ஆகிறது.

தரையில் நிற்கும்போது விமானத்தின் மூக்கை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்து, சுருதி இலேசாக ஏறினால் சரியென்றும், தளர்ந்து இழுத்தால் எரிபொருள் போதவில்லையென்றும் காதால் கணித்து, ஊசியை இரண்டொரு 'கிளிக்' திறந்துவிடுவது பழகியவர் வழக்கம். ஆனால் மேலே போனதும் எதிர்க்காற்றால் புரொப்பெல்லரின் பாரம் குறைந்து சுற்று கூடுகிறது. டாங்கியின் மட்டமோ இறங்கிக்கொண்டே வருகிறது. எரிபொருள் குறைய, அதில் கலந்த எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

இதற்குப் பரிகாரமாக, ஊசியையே சர்வோ என்னும் சிறு சுழற்றுக் கருவியுடன் இணைத்து, ஓட்டுபவர் கையிலுள்ள ரேடியோ டிரான்ஸ்மிட்டரின் உபரிச் சானல் ஒன்றை அதற்கு ஒதுக்கினார்கள். குமிழின் நிலைக்கேற்ப ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு மில்லிவினாடி வரை நீளும் துடிப்புகள் சர்வோவின் கையைத் திருப்ப, வாலின் பின்னே நீளும் புகைக் கோட்டைப் பார்த்தபடி ஓட்டுபவர் கலவையைச் செப்பனிடலாம். சர்வோவின் முழு வீச்சையும் ஊசிக்குக் கொடுத்துவிடுவது, என் அபிப்பிராயத்தில், விபரீதம். இருபுறமும் சில கிளிக்குகளே ஏராளம்.

மாதிரி ஹெலிகாப்டர்களில் கவர்னர் என்னும் கருவி இன்னும் சாமர்த்தியமானது. விசிறியில் பதித்த காந்தம் உணரியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையையும் எண்ணி, சுற்று குறைந்தால் திராட்டிலைத் தானே திறக்கும். ஆயினும் சுற்று ஏன் குறைந்தது என்பதை அது அறியாது. எரிபொருள் பற்றாமல் தளரும் எஞ்சினையும் பாரத்தால் தளர்வதாகவே கருதி, திராட்டிலை மேலும் திறந்து உலோகத்தைக் காய்ச்சிவிடும். ஆகையால்தான் சிலிண்டர் தலையில் உஷ்ணமானி ஒன்றைப் பொருத்தி, அதன் அளவைக் கீழே டிரான்ஸ்மிட்டருக்கே வரவழைக்கிறார்கள். எல்லை மீறினால் அது கூவும், ஓட்டுபவர் ஊசியைத் திறப்பார்.