பேராசைக்காரனா, முன்னேறத் துடிப்பவனா?

மும்பையில் வேலைக்கு மனு எழுதும் நம் இளைஞர்கள் தங்களைப் பற்றி ஒரு சொல்லைத் தவறாமல் சேர்க்கிறார்கள். "ஆம்பிஷியஸ்" என்பதே அந்தச் சொல். திருமண விளம்பரங்களிலும் அதைக் காணலாம். ஆனால் மேலதிகாரி ஒருவர், "அவன் ரொம்ப ஆம்பிஷியஸ்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது பாராட்டு அல்ல. "எச்சரிக்கையாக இரு" என்று பொருள்!

ஒரே சொல்லுக்கு இரண்டு முகம் எப்படி வந்தது?

ரோமாபுரியில் பிறந்த சொல்

இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. "சுற்றி வருதல்" என்பதே முதல் பொருள். ரோமாபுரியில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த அங்கி அணிந்து, வீதி வீதியாகச் சுற்றி ஓட்டுக் கேட்டார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் உடன் வந்தது. கி.மு. 63-ல் சிசரோ ஆட்சித் தலைவராக இருந்தபோது, அந்தக் குற்றத்துக்குப் பத்தாண்டு நாடு கடத்தல் என்று சட்டம் செய்யப்பட்டது.

சீசரைக் கொன்றதற்கு ஷேக்ஸ்பியர் நாடகத்தில் புரூட்டஸ் சொல்லும் காரணமும் இந்தக் குணம்தான். பழிச் சொல்லாக இருந்தது, பிற்காலத்தில் புகழ்ச் சொல்லாகவும் ஆகிவிட்டது.

இந்தியிலும் மராத்தியிலும்

இங்கே இந்தியிலும் மராத்தியிலும் "மஹத்வாகாங்க்ஷி" என்கிறார்கள். பெருமையை விரும்புகிறவன் என்று பொருள். அரசின் பெரிய திட்டங்களையும் இந்திப் பத்திரிகைகள் இதே சொல்லால் வர்ணிக்கின்றன. குறை சொல்ல வேண்டுமானால் முன்னால் "அதி" சேர்த்துக் கொள்கிறார்கள்.

தமிழில் என்ன செய்வது? "பேராசைக்காரன்" என்றால் திட்டு. "லட்சியவாதி" என்றால் நாட்டுக்காக உழைக்கும் தியாகி போல் ஒலிக்கிறது. இரண்டுக்கும் நடுவில், நேர் வழியில் மேலே வரத் துடிக்கும் சாதாரண மனிதனைக் குறிக்கப் பேச்சு வழக்கில் ஒற்றைச் சொல் இல்லை.

வீட்டில் வரும் வினை

இது வெறும் அகராதிச் சிக்கல் அல்ல. ரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தவர் இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆகலாம். குமாஸ்தா அதிகாரியாகவும் ஆகலாம். ஆனால் இரவில் கண் விழித்துப் படிப்பவரைப் பார்த்து, "பேராசை பெருநஷ்டம், இருக்கிறதைக் காப்பாற்றிக் கொள்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். படிப்பது பெண்ணாக இருந்தால், "அடங்காதவள்" என்ற பட்டமும் சேரும்.

வெளியாரும் நமக்கு இப்படிப் பெயர் வைத்தது உண்டு. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, ஹையர் தேறி, அன்றைய பம்பாய்க்கு ரயில் ஏறியவர்கள் நம்மவர்கள். நமக்கு அது உழைப்பாகத் தெரிந்தது. உள்ளூர் இளைஞர் சிலருக்கு அது பிறர் வேலையைப் பறிக்கும் பேராசையாகத் தெரிந்தது. 1966-ல் சிவசேனை தோன்றியபோது, தென்னிந்தியருக்கு எதிரான கோபமே அதன் முதல் முழக்கம். செயல் ஒன்றுதான்; பெயர் வைப்பவர் நிற்கும் இடம்தான் வேறு.

வள்ளுவர் காட்டும் வழி

திருவள்ளுவர் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். பிறர் பொருளை விரும்பாதே என்பதற்கு "வெஃகாமை" என்று ஓர் அதிகாரம். எண்ணத்தை உயர்வாக வை என்பதற்கு "ஊக்கமுடைமை" என்று இன்னோர் அதிகாரம். விரும்புவது பிறருடையதா, தன் உழைப்பால் வரக்கூடியதா என்பதே உரைகல்.

எனவே மனு எழுதும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த வேண்டாம். எந்தப் பதவிக்கு வர விரும்புகிறீர்கள், அதற்காக என்ன படிக்கிறீர்கள் என்று அடுத்த வரியில் எழுதுங்கள். படிப்பவர் சந்தேகப்பட இடம் இருக்காது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை புத்தகத்தோடு உட்காரும்போது பேராசை என்று சொல்லாதீர்கள். அது ஊக்கம்.