‘பார்டர்’தானே என்று விட்டுவிடாதீர்கள்... உஷார்!

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 112. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. ‘பார்டர்லதான் இருக்கு, மாத்திரைகூட எழுதல’ என்று பலர் நிம்மதியாக ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்! வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய் வாசல்வரை வந்துவிட்டது. வலியோ தலைசுற்றலோ இருக்காது. அதுதான் ஆபத்தே.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், இப்படி வாசலில் நின்ற 531 பேரைப் பிரிவு பிரிவாக ஆய்வு செய்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றே ஆண்டுகளில் நோய் வந்துவிட்டது. பாதிக்கும் மேல்! தினமும் அரை மணி நேரம் நடந்து, சாப்பாட்டையும் திருத்திக்கொண்டவர்களில் இது 39 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையின் பலனும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்னொன்று, நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. எடைக்கருவி அசையவில்லையே என்று நடையை நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொடைத் தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. அதனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் சோபாவில் சாயாமல் தெருவில் பத்து நிமிடமாவது நடங்கள்.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறினாலும் ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சிறுதானியம் நல்லது என்று கேழ்வரகு மாவைக் கஞ்சியாக்கி டம்ளர் டம்ளராகக் குடிப்பதும் அப்படியே. நைசாக அரைத்துக் குழைய வேகவைத்தால் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் கலந்துவிடும். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரை, பொரியல், சுண்டல், முட்டை வையுங்கள். நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன் சர்க்கரை! முதலில் அதை நிறுத்துங்கள்.

அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பின்கழுத்தில் கருப்பாகத் தடித்திருப்பதை அழுக்கு என்று தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். வெறும் வயிற்று அளவு சரியாக இருந்து, சாப்பிட்ட பின் மட்டும் எகிறுபவர்களும் உண்டு. அதனால் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனை பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்ட பெண்களே, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதானாலும் உங்கள் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.