சோளத்துக்கும் சுண்ணாம்பு

வேலை நிமித்தம் மெக்சிகோவில் குடியேறுகிறவர்கள் தோர்த்தியாவுக்குச் சீக்கிரம் பழகிவிடுவார்கள். மக்காச்சோள மாவைத் தட்டிச் சுட்ட மெல்லிய ரொட்டி அது. பீன்ஸையோ கறியையோ வைத்து மடித்தால் டாக்கோ. எளிதாகத்தானே இருக்கிறது என்று மக்காச்சோளத்தை ஊறவைத்து அரைத்து வீட்டில் தட்டிப் பார்த்தால் மாவு சொன்னபடி கேட்காது. ஓரம் வெடிக்கும், கையில் எடுத்தால் உதிரும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற பசைப் புரதம் மக்காச்சோளத்தில் இல்லை. அப்படியானால் தெருமுனைக் கடைத் தோர்த்தியா மட்டும் எப்படி உடையாமல் மடிகிறது? சுண்ணாம்பால். வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு.

ஒரு கிலோ மக்காச்சோளத்துக்குச் சுமார் பத்து கிராம் சுண்ணாம்பு போதும். தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டு, கொதி நிலையைத் தொடாத சூட்டில் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுவார்கள். காலையில் பார்த்தால் வெள்ளைச் சோளம் மஞ்சள் பூத்திருக்கும். ஒரு மணியை எடுத்து இரு விரலுக்கிடையில் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். இதற்குப் பெயர் நிஷ்டமால். கழுவி அரைத்தால் வருவது மாசா என்ற மாவு. பழைய வீடுகளில் அரைத்தது மெத்தாத்தே என்ற மூன்று கால் அம்மியில். இப்போது பெரும்பாலும் மில்லில்.

அந்த ஓர் இரவில் நடப்பது சுண்ணாம்பின் கடும் காரம் செய்யும் வேலை. மணியின் தோலைப் பிடித்துவைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருள் காரத்தில் கரைகிறது. தோல் கழல்வது அதனால்தான். கரைந்ததில் ஒரு பகுதி பிசினாக மாவிலேயே தங்கி அதைப் பிடித்துவைக்கிறது. மாவுச்சத்தும் ஓரளவு உப்பி இளகுகிறது. சுண்ணாம்பின் கால்சியம் மணிக்குள் இறங்கிச் சத்தாகவும் சேர்கிறது. தோர்த்தியா கடையைத் தாண்டும்போது மூக்கைத் தொடும் அந்தத் தனி மணமும் சாதாரண மக்காச்சோள மாவில் வராது. காரத்தில் வெந்தால்தான் வரும்.

ஆனால் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாத இன்னொரு மாற்றமும் நடக்கிறது. அது தெரியவர உலகம் பெரிய விலை கொடுத்தது.

தென்மேற்கு மெக்சிகோவில் தியோசின்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் மக்காச்சோளத்தை உருவாக்கினார்கள். அதைச் சுண்ணாம்பிலோ சாம்பல் நீரிலோ வேகவைக்கும் வழக்கத்துக்கும் 3,000 ஆண்டு வயதாவது இருக்கும். 1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் விதை கப்பலேறி ஐரோப்பா வந்தது. பக்குவம் வரவில்லை. ஐரோப்பியர்களிடம் மாவு மில் இருந்தது. தோலை எடுக்கச் சுண்ணாம்பு எதற்கு?

1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் ஏழை உழவர்களிடம் ஒரு புது நோயைக் கண்டார். வெயில் படும் தோல் கருத்து உரிந்தது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் புண். பிறகு வயிற்றுப்போக்கு, சித்தம் கலங்குதல், மரணம். மக்காச்சோளக் களியை நம்பி வாழ்ந்த வடக்கு இத்தாலியிலும் இதே நோய். 1771இல் அதற்குப் பெலாக்ரா என்று பெயர் விழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் லட்சக்கணக்கானோரை அது பிடித்தது. மக்காச்சோளத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தின்ற மெக்சிகோவிலோ அது அரிது.

தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914இல் விசாரிக்க அனுப்பப்பட்ட மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அநாதை இல்லங்களில் பிள்ளைகளுக்குத்தான் நோய், அங்கே வேலை செய்பவர்களுக்கு இல்லை என்பதைக் கவனித்தார். பிள்ளைகளுக்குப் பால், இறைச்சி, முட்டை கொடுத்ததும் நோய் மறைந்தது. தொற்றல்ல என்று காட்ட நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். எந்தச் சத்து குறைகிறது என்பது தெரியுமுன்பே 1929இல் இறந்துபோனார். அதை 1937இல் உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வேஜெம் கண்டறிந்தார்: நையாசின், அதாவது வைட்டமின் பி3.

மக்காச்சோளத்தில் நையாசின் இல்லாமலில்லை. பெரும்பகுதி வேறு பொருள்களோடு பிணைந்து கிடப்பதால் நம் குடலால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. சுண்ணாம்பின் காரம் அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகிறது. நையாசினுக்கு இன்னொரு வழியும் உண்டு: புரதத்தில் உள்ள டிரிப்டோபானை உடலே நையாசினாக மாற்றும், 60 மில்லிகிராமுக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில். மக்காச்சோளத்தில் டிரிப்டோபான் குறைவு, பாலில் தாராளம். நையாசின் அதிகமில்லாத பால் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியது இப்படித்தான்.

வைட்டமின் என்றால் என்னவென்று தெரியாமல் மெக்சிகோக்காரர்கள் இதை எப்படிப் பிடித்தார்கள்? அவர்கள் தேடியது வைட்டமினை அல்ல. தோல் கழன்றது, அரைப்பது சுலபமானது, மாவு ஒட்டியது, மணத்தது. இவை உடனே கைக்குத் தெரிந்த லாபங்கள். தெரியாத லாபம் அவற்றின் முதுகில் ஏறி வந்தது. கூடவே பீன்ஸும் இருந்ததால் புரதக் குறையும் ஓரளவு தீர்ந்தது.

நிஷ்டமால் ரொட்டியோடு நிற்கவில்லை. முழு மணிகளை மறுபடி வேகவிட்டால் பூவாய் விரியும். அதில் பன்றிக்கறி சேர்த்த சாறுதான் பொசோலே. மாசாவைக் கரைத்துக் காய்ச்சினால் அதோலே என்ற சூடான கூழ். தபாஸ்கோவில் மாவை உருண்டையாக்கி இலையில் பொதிந்து புளிக்கவிட்டு, வேண்டும்போது தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள், அது பொசோல். குவாதலஹாராவின் தெரு வண்டிகளில் தெஹுவினோ கிடைக்கும்: கரும்பு வெல்லத்தோடு காய்ச்சி லேசாகப் புளிக்கவைத்த பழுப்புக் கூழ், மேலே எலுமிச்சைச் சாறு, உப்பு, ஒரு கரண்டி எலுமிச்சை ஐஸ். முதல் வாய்க்கு என்ன சுவை என்றே பிடிபடாது. இனிப்பு, புளிப்பு, உப்பு மூன்றும் ஒன்றாக வரும்.

வெளிநாட்டில் ஒரு பண்டம் பிடித்துப்போனால் அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று கேட்கிறோம். முந்தின இரவே என்ன செய்தீர்கள் என்றும் கேட்கவேண்டும். பெரும்பாலான விஷயம் அங்கேதான் இருக்கிறது. தோர்த்தியா மாவு பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைத் திருப்பி, சேர்மானத்தில் சுண்ணாம்போ நிஷ்டமாலோ குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் அது வெறும் மக்காச்சோள மாவு. எவ்வளவு பிசைந்தாலும் தோர்த்தியா ஆகாது.