உழவாரப் பணியில் வணிகர்கள்

தராசு பிடித்த கையால் மாதத்தில் ஒரு ஞாயிறு உழவாரமும் பிடித்து வருகிறோம். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் பெருமான் தோளில் சுமந்த கருவி அது. காஞ்சியில் மளிகை, அரிசி, பட்டு வணிகர்கள் சிலர் சேர்ந்து, பழைய கோயில்களில் புல் செதுக்கி, குப்பை அகற்றுகிறோம்.

ஒருமுறை சிறு கோயில் மதிலில் விரிசல் கண்டு, ஆர்வக் கோளாறில் சிமெண்டு பூசிவிட்டோம். அடுத்த மழையில் ஈரம் உள்ளேயே தங்கி, பக்கத்திலிருந்த சுண்ணாம்புக் காரையும் உதிர்ந்தது. "பழைய சுவர் மூச்சு விடணும், முதலாளி" என்றார் வயதான கொத்தனார். அவர் சொற்படி சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசினோம். நாம் மூட்டை மூட்டையாக விற்கும் சரக்கு கோயிலைத் தாங்கும் சரக்கு என்பது அன்றுதான் விளங்கிற்று!

சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்றை நுனியில் கிள்ளினால் மீண்டும் தழைக்கும். வேர் கல்லையே பிளக்கும். சிறு விரிசல்தானே என்று இருக்கலாகாது. ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தை 1509-இல் எழுப்பிய கிருஷ்ணதேவராயர், 1516-இல் எழுப்பிய காளத்தி ராஜகோபுரம், விரிசல் கண்டு 26.5.2010 அன்று இடிந்து விழுந்ததை மறக்க முடியுமா?

ஆனால் அனுமதியின்றிக் கை வைக்கக் கூடாது. கைலாசநாதர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மற்றக் கோயில்களில் நிர்வாக அதிகாரியின் இசைவும் ஸ்தபதியின் ஆலோசனையும் பெற்றே தொடங்க வேண்டும்.

நன்கொடை தருவதில் நாம் குறை வைத்ததில்லை. இனி அரை நாள் உழைப்பையும் தருவோம். வாருங்கள்!