எந்த வேலைக்கு எந்த மொழி?

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் கணிப்பொறியால் இயங்கும் கடைசல் இயந்திரங்கள் உண்டு. 'ஜி01' என்ற கட்டளைக்கு வெட்டுளி நேர்கோட்டில் சீவும். 'ஜி02' என்றால் கடிகாரச் சுற்றில் வளையும். உளியின் பாதையைச் சொல்ல ஏற்ற இம்மொழி, சம்பளப் பட்டியல் போட உதவாது.

விஞ்ஞானக் கணக்குகளுக்கு ஃபோர்ட்ரான் (1957), வணிகக் கணக்குகளுக்கு கோபோல் (1959), மாணவர்களுக்கு பேசிக் (1964) என வேலைக்கேற்ப மொழிகள் பிறந்தன.

நீங்கள் எதில் தொடங்கலாம்? தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் உள்ள பைத்தான் நல்லது. திரையில் 'வணக்கம்' காட்ட அதில் ஒரே வரி போதும். சி++ மொழியில் பல வரிகள் வேண்டும். நிபந்தனை பார்த்தல், திரும்பச் செய்தல் ஆகிய உத்திகள் இரண்டிலும் உண்டு. ஆகவே முதல் மொழியில் பட்ட பாடு வீணாகாது. அடுத்த மொழி விரைவில் வசப்படும்.